பணியாளரின் மனச்சுமையும் முடிவெடுக்கும் உரிமையும்

தசரா நெருங்கும் மாதங்களில் மைசூருவின் சிறு வணிகர்கள் வங்கியை நாடி வருவது வழக்கம். சயாஜிராவ் சாலையின் துணிக்கடைகள், தேவராஜ மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மளிகை மற்றும் பூசைப் பொருள் கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றுக்கு அந்தப் பத்து நாள்களும் விற்பனை மிகும் காலம். சரக்குக் கொள்முதலுக்கு எவ்வளவு தேவை, கடனை எத்தனை மாதங்களில் திருப்பிச் செலுத்த இயலும் என்று நாங்கள் கேட்கிறோம். அவர்களும் கணக்கோடு விடையளிக்கின்றனர். ஆனால் அச்சரக்கை நாள் முழுதும் நின்று விற்கப்போகும் பணியாளர்கள் அந்த நெருக்கடியை எவ்வாறு தாங்குவர் என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

கடன் தவணை விற்பனையிலிருந்து வருகிறது. விற்பனை பணியாளரின் முகத்திலிருந்தும் நாவிலிருந்தும் வருகிறது. ஆகவே பணியாளரின் மனநலம் அறச்செயல் மட்டுமன்று. தொழில் நிர்வாகத்தின் ஒரு பகுதியும் ஆகும். ஐந்து முதல் இருபது பேர் வரை பணிபுரியும் ஒரு சிறு நிறுவனம், தன் பணியாளர்களுக்குப் பணி அழுத்தத்தைக் கையாளும் பயிற்சியை எவ்வாறு அளிக்கலாம் என்பதே இப்பாடத்தின் பொருள். பொறுமையை மட்டும் கற்பிக்கும் பயிற்சி நிலைப்பதில்லை. தம் வேலையின் மீது பணியாளருக்குச் சிறிதளவேனும் உரிமையை அளிக்கும் பயிற்சியே நிலைக்கும் என்பது இதன் மையக் கருத்து.

அழுத்தம் என்பது எது?

வேலை மிகுதி வேறு. பணி அழுத்தம் வேறு. கடை நிறைய வாடிக்கையாளர் இருந்தும் மாலையில் மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் பணியாளர் உண்டு. கூட்டமே இல்லாத நாளிலும் நெஞ்சு படபடக்க நிற்பவரும் உண்டு. தம்மிடம் எதிர்பார்க்கப்படுவதற்கும் அதை நிறைவேற்றத் தம்மிடமுள்ள வழிவகைக்கும் இடைவெளி மிகும்போது ஒருவர் உணர்வதே பணி அழுத்தம். அது நீடித்தால் உறக்கமின்மை, எரிச்சல், மறதி, தலைவலி, செரிமானக் கோளாறு ஆகியவை தோன்றும். கடையில் அது கணக்குப் பிழையாகவும், வாடிக்கையாளரிடம் கடுஞ்சொல்லாகவும், திடீர் விடுப்பாகவும் வெளிப்படும்.

மனச்சோர்வும் பதற்ற நோயும் சேர்ந்து உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,200 கோடி வேலை நாள்களை விழுங்குகின்றன என்றும், அதனால் ஏற்படும் உற்பத்தி இழப்பு ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அந்நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலம் குறித்த வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வேலை அமைப்பைச் சீர்செய்தல், மேலாளருக்குப் பயிற்சி அளித்தல், பணியாளருக்குப் பயிற்சி அளித்தல் ஆகிய மூன்றும் அவற்றில் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. பணியாளருக்கான பயிற்சி மூன்றில் ஒன்று மட்டுமே என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆய்வுகள் உணர்த்துவது

முதலாளிக்கே மன அழுத்தம் அதிகம், கீழே உள்ளவருக்குக் கவலை குறைவு என்பது பரவலான எண்ணம். இலண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதற்கு மாறான உண்மையைக் காட்டியது. உயர் பதவியில் இருந்தவர்களைவிடக் கீழ்ப் பதவியினரிடமே இதயநோய் இறப்புகள் மிகுதியாக இருந்தன. புகைபிடித்தல் முதலான காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னும் அவ்வேறுபாடு முழுவதும் மறையவில்லை. 1985இல் தொடங்கிய இரண்டாம் வைட்ஹால் ஆய்வு, தம் வேலையின் மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு மிகுதி என்று காட்டியது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் இதனை ஒரு சட்டகமாக வகுத்தார். வேலைப்பளு ஓர் அச்சு. முடிவெடுக்கும் உரிமை மற்றோர் அச்சு. பளு மிகுந்து, உரிமையும் மிகுந்திருந்தால் அவ்வேலை ஊக்கமும் கற்றலும் தரும். பளு மிகுந்து உரிமை குறைந்திருந்தால் அங்கேதான் அழுத்தம் உச்சத்தை அடையும். உடன் பணிபுரிவோரின் ஆதரவு இருந்தால் அது தணியும் என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் சேர்த்தனர்.

இச்சட்டகத்தை நம் கடைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். தசரா நாள்களில் வேலைப்பளுவைக் குறைக்க இயலாது. குறைக்கவும் எவரும் விரும்பார். ஆனால் கல்லாவில் இருப்பவரும் விற்பனை மேடையில் நிற்பவரும் எதை முதலாளியைக் கேட்காமலே முடிவு செய்யலாம் என்பதை விரிவாக்க இயலும். அதற்குச் செலவும் இல்லை.

யோகநகரில் ஒரு சொல்

மைசூருவில் மன அழுத்தம் என்றதும் யோகாசனமே பலர் நினைவுக்கு வரும். அது இயல்பே. 1930களில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகம் கற்பித்தார். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அதை உலகெங்கும் பரப்பினர். மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் நன்மை தருவன என்பதில் ஐயமில்லை.

எனினும், காலையில் மூச்சுப் பயிற்சி செய்துவிட்டுப் பகல் முழுதும் உட்கார இடமின்றி, உணவுக்கு நேரமின்றி, வாடிக்கையாளர் முன்னிலையில் ஏச்சுக் கேட்கும் பணியாளருக்கு அப்பயிற்சி எத்தனை மணி நேரம் துணைநிற்கும்? "பதறாத காரியம் சிதறாது" என்பது நம் பழமொழி. பதறாதே என்று பணியாளருக்கு அறிவுரை கூறுவதோடு, பதற வேண்டாதவாறு காரியத்தை ஒழுங்கு செய்வதும் உரிமையாளரின் கடமையாகும்.

சட்டம் வகுத்த அடித்தளம்

1961ஆம் ஆண்டின் கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையில் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு அளிக்க வேண்டும். வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை வேண்டும் என்றும் அது கூறியது. மிகைநேரம், திருத்தங்கள் ஆகியவற்றைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்வது நலம்.

நின்றே வேலை செய்யும் துன்பத்தைச் சட்டத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்த பெருமை அண்டை மாநிலங்களுக்கு உண்டு. கேரளம் 2018இல் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021இல் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தி அவ்வுரிமையை அளித்தது. மைசூருவில் கடை நடத்துவோரும் இதனைத் தாமாகவே பின்பற்றலாம். நான்கு முக்காலிகளின் விலை ஒரு விளம்பரத் தட்டியின் விலையைவிட மிகுதியன்று.

உரிமையாளருக்கான முன்பாடம்

பணியாளர் பயிற்சிக்கு முன்பாக உரிமையாளர் மூன்று வழக்கங்களைத் தாமே மேற்கொள்ள வேண்டும். இவை இல்லாவிடின் பின்வரும் அமர்வுகளைப் பணியாளர்கள் நம்பமாட்டார்கள்.

முதலாவது, சம்பளத் தேதி. மாதத்தின் குறிப்பிட்ட நாளில் சம்பளம் கணக்கில் சேரும் என்ற உறுதி பணியாளரின் வீட்டுக் கவலையில் பாதியைத் தீர்க்கும். இரண்டாவது, பணிநேரப் பட்டியல். அடுத்த வாரம் யாருக்கு எந்நாள் விடுமுறை, யார் எத்தனை மணிக்குச் செல்லலாம் என்பதைச் சனிக்கிழமைக்குள் எழுதி ஒட்ட வேண்டும். தசரா நாள்களில் அரண்மனையைச் சுற்றிய சாலைகளில் நெரிசல் மிகும். நஞ்சனகூடு, ஸ்ரீரங்கப்பட்டணம் போன்ற ஊர்களிலிருந்து வருவோர், குறிப்பாகப் பெண்கள், எவ்வாறு வீடு சேர்வர் என்பதும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். மூன்றாவது, வாடிக்கையாளர் முன்னிலையில் பணியாளரைக் கடிந்துகொள்ளாமை. பிழையைத் தனியே அழைத்துச் சுட்டிக்காட்டலாம்.

ஆறு அமர்வுகள்

பண்டிகைக்கு ஏழு வாரங்களுக்கு முன் தொடங்கி, வாரத்துக்கு ஓர் அமர்வாக, கூட்டம் குறைந்த ஒரு நாளில் கடை திறக்கும் முன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த நேரமும் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். மைசூருவின் ஒரே கடையில் கன்னடம், தமிழ், உருது, இந்தி பேசுவோர் ஒன்றாகப் பணிபுரிவதுண்டு. ஆகவே அவரவர்க்கு விளங்கும் மொழியில் பேச வேண்டும்.

1. சுமையைப் பெயரிடுதல். சென்ற வாரத்தில் மிகவும் வருத்திய மூன்று தருணங்களைப் பெயரிடாமல் ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். எழுத இயலாதவர் மூத்த பணியாளரிடம் சொல்லலாம். உரிமையாளர் மறுப்போ விளக்கமோ கூறாமல் கேட்க வேண்டும். பின்னர் அவற்றை நீக்கக்கூடியவை, மாற்றியமைக்கக்கூடியவை, தாங்கியே ஆகவேண்டியவை என மூன்றாகப் பிரிக்கவேண்டும். முதல் வகையில் ஒன்றையேனும் அடுத்த அமர்வுக்குள் நீக்கிக் காட்டுவது இன்றியமையாதது.

2. முடிவுரிமைப் பட்டியல். எவ்வளவு தொகை வரை தள்ளுபடி அளிக்கலாம், பில்லுடன் எத்தனை நாள்களுக்குள் வரும் துணியை மாற்றித் தரலாம், சரக்கு தீரும்போது யார் மறுபடி வரவழைக்கலாம் என்பவற்றை எழுதிக் கல்லாவின் அருகே ஒட்டலாம். பட்டியலுக்குள் எடுத்த முடிவு தவறாகிவிட்டால் அதற்குப் பணியாளர் தண்டிக்கப்படமாட்டார் என்ற வாக்குறுதியும் அதில் இருக்க வேண்டும். இந்த அமர்வே பயிற்சியின் உயிர்நாடி.

3. சினந்த வாடிக்கையாளர். இடைமறிக்காமல் கேட்டல், கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்தல், தம்மால் செய்யக்கூடியதைக் கூறுதல், எல்லை மீறினால் மூத்தவரிடம் ஒப்படைத்தல் ஆகிய நான்கு படிகளை இருவர் இருவராக நடித்துப் பழகலாம். வசைமொழியைக் கேட்ட பணியாளர் ஐந்து நிமிடம் உள்ளே சென்று நீர் அருந்தி வரட்டும்.

இங்கு நாங்கள் நாள்தோறும் காணும் ஓர் எடுத்துக்காட்டைக் கூறலாம். "என் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது" என்கிறார் வாடிக்கையாளர். கடையின் யுபிஐ ஒலிபெருக்கி பேசவில்லை. பின்னே பத்துப் பேர் காத்திருக்கின்றனர். விதியை அறியாத பணியாளர் தவிக்கிறார். பணம் பிடிக்கப்பட்டுக் கடைக்கு உறுதிச் செய்தி வராத நிலையில், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் அத்தொகை தானாகவே வாடிக்கையாளர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு உண்டு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வகுத்துள்ளது. இதனை அறிந்தவர் முதலில் கடையின் கணக்கைச் சரிபார்ப்பார். பணம் வரவில்லையெனில் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, விதியை அமைதியாக எடுத்துச் சொல்வார். அதே கூட்டம், அதே நெருக்கடி. எனினும் அவர் கை நடுங்காது.

4. உடலைப் பேணுதல். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுதல். இதனை ஐந்து முறை செய்தல். இரு வாடிக்கையாளர்களுக்கு இடையிலும் இதைச் செய்யலாம். நீர், கழிப்பறை, உணவு நேரம், இருக்கை ஆகியவற்றுக்கு யார் யாரை எப்போது விடுவிப்பது என்ற முறைவரிசையையும் இதே அமர்வில் வகுக்க வேண்டும்.

5. பிழை நேர்ந்தால். கல்லாவில் ₹500 குறைந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் பல பணியாளர்களை இரவிலும் தொடர்கிறது. பணிமுறை மாறும்போது இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திடுதல், குறைவை அன்றே பதிவேட்டில் எழுதுதல், காரணம் ஆராயும் முன் எவரையும் குற்றம் சாட்டாமை ஆகிய நெறிகளை எழுதிவைத்தால் அச்சம் நீங்கும். மறைக்கப்படும் பிழை வளர்கிறது. உடனே சொல்லப்படும் பிழை அன்றே திருத்தப்படுகிறது.

6. துணையாதல். உடன் பணிபுரிபவர் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினாலோ, அடிக்கடி கண்ணீர் விட்டாலோ எவ்வாறு அணுகுவது என்பது இறுதிப் பாடம். தனியே விசாரித்தல், அறிவுரையை விடக் கேட்பதை முதன்மையாக்கல், கேட்டதைப் பிறரிடம் கூறாமை, தக்க உதவிக்கு வழிகாட்டல் ஆகியவை இதன் கூறுகள். எனினும் உயிருக்கு ஆபத்து எனத் தோன்றினால் உதவி தேடுவதே முதற்கடமை. மறைபொருள் காப்பது பிறகே.

எல்லையை அறிதல்

கடையில் அளிக்கும் பயிற்சி மருத்துவத்துக்கு மாற்றன்று. துயரம், உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை அணுக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவி பெற வேண்டும்.

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட நடுவண் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். கன்னடம், தமிழ் உட்படப் பல மொழிகளில் ஆலோசனை கிடைக்கும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் இச்சேவையின் தலைமை மையமாக விளங்குகிறது. மைசூருவில் கே.ஆர். மருத்துவமனையிலும் மனநலச் சிகிச்சை பெறலாம். இந்த எண்ணைப் பணியாளர் உடைமாற்றும் அறையில் எழுதி ஒட்டுவது நலம். யார் குறித்துக்கொண்டார் என்று எவரும் அறிய வேண்டியதில்லை.

செலவும் பயனும்

பயிற்சிக்கு ஆகும் செலவை ஓர் எடுத்துக்காட்டால் கணக்கிடுவோம். ஆறு பணியாளர்கள் கொண்ட கடை. எளிமைக்காக ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளம் ₹20,800 எனக் கொள்வோம். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி எனில் 208 மணி நேரம். ஒரு மணிக்கு ₹100.

ஆறு அமர்வுகளுக்கு ஒருவருக்கு 3 மணி நேரம், ஆறு பேருக்கு 18 மணி நேரம், ஆகவே ₹1,800. தேநீர், சிற்றுண்டிக்கு ஆளுக்கு ₹20 வீதம் ஆறு நாள்களுக்கு ₹720. மொத்தம் ₹2,520.

மாறாக, பண்டிகைக்கு முன் ஒருவர் விலகுகிறார் எனக் கொள்வோம். புதியவர் முதலிரண்டு மாதங்களில் பாதி வேலையே செய்வாராயின் இழப்பு ₹20,800. மூத்தவர் ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரம் 26 நாள்கள் கற்பித்தால் ₹2,600. விலகியவரிடம் திரும்பாத முன்பணம் ₹5,000. மொத்தம் ₹28,400. இழந்த விற்பனையும் அதிருப்தியுற்ற வாடிக்கையாளரும் இதில் சேரவில்லை. பயிற்சிச் செலவைப்போல் இது பதினொரு மடங்குக்கும் மேல்.

பயிற்சி பெற்ற அனைவரும் நிலைத்திருப்பர் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் சில ஆண்டுகளில் ஒரே ஒரு விலகலைத் தவிர்த்தாலும் செலவு ஈடாகிவிடும். திடீர் விடுப்பு, விலகல், வாடிக்கையாளர் முறையீடு, கல்லாக் குறைவு ஆகிய நான்கையும் பயிற்சிக்கு முன் மூன்று மாதங்களும் பின் மூன்று மாதங்களும் ஒரு பதிவேட்டில் குறித்துவந்தால் பலன் தெளிவாகும்.

உரிமையாளரின் சுமையும் வங்கியும்

பணமுடையில் தவிக்கும் உரிமையாளரின் சினம் கடைசியில் பணியாளர்மீதே இறங்குகிறது. ஆகவே பண்டிகைக்கால நடைமுறை மூலதனத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது உரிமையாளர், பணியாளர் இருவருக்கும் நன்மை தரும். உதயம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி நிறுவனங்களும் சேவை நிறுவனங்களும் வழங்கிய சரக்குக்கான பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருப்பினும், வாங்குவோர் 45 நாள்களுக்கு மேல் தாமதிக்கலாகாது என்பது 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் விதி.

பணியாளரின் பணக்கவலையைக் குறைக்கவும் எளிய வழிகள் உண்டு. சம்பளத்தைக் கணக்கில் செலுத்தத் தானியங்கு ஆணை அளிக்கலாம். ஆண்டுக்கு ₹20 பிரீமியத்தில் ₹2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்திலும், ₹436 பிரீமியத்தில் ₹2 லட்சம் ஆயுள் காப்பீடு தரும் ஜீவன் ஜோதி பீமா திட்டத்திலும் தகுதியுள்ள பணியாளர்களைச் சேர்க்கலாம். விவரங்களை அருகிலுள்ள கிளையில் பெறலாம்.

இந்த வாரப் பயிற்சி

இதனைப் படிக்கும் தொழில்முனைவோர் ஒரு தாளை எடுத்து, நேற்று ஒரு நாளில் பணியாளர்கள் தம்மிடம் வந்து கேட்ட கேள்விகளை எழுதிப் பார்க்கவேண்டும். அவற்றுள் அவர்களே முடிவு செய்திருக்கக்கூடிய ஐந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை வரம்பையோ நிபந்தனையையோ குறிக்கவேண்டும். அத்தாளைத் திங்கட்கிழமை காலையில் பணியாளர்களிடம் படித்துக்காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்டுத் திருத்தி, கல்லாவின் அருகே ஒட்டினால் இரண்டாம் அமர்வுக்கான முதல் வரைவு ஆயத்தமாகிவிடும்.